பன்னிரண்டாவது லீவு

முன்னொரு வருடம், ஓர் அரசாங்க அலுவலகத்தின் லீவு ரிஜிஸ்டரில், தலைமை எழுத்தர் சென்னியப்பனின் பக்கத்தில் பன்னிரண்டு லீவுகள் குடியிருந்தன. ஜனவரியில் பிறந்தால் டிசம்பர் முப்பத்தொன்றோடு அவற்றின் ஆயுள் முடிந்துவிடும். அதற்குள் அவர் எடுத்தால்தான் வெயிலைப் பார்க்க முடியும்.

அடுத்த பக்கத்தில் டைப்பிஸ்ட் மோகனாவின் லீவுகள். கொடுத்துவைத்தவை. ஒன்று காதுகுத்துக்குப் போனது, ஒன்று பழனிக்குப் போனது, இன்னொன்று சும்மா படுத்துத் தூங்கியது. அதுவும் ஒரு வாழ்வுதானே. சென்னியப்பனின் லீவுகளோ இருபத்திரண்டு வருடமாகக் காகிதத்திலேயே பிறந்து காகிதத்திலேயே செத்தன. "நான் ஒரு நாள் வரலைன்னா ஆபீஸ் நாறிப் போயிரும்" என்று அந்த மனுஷன் யாரைக் கண்டாலும் சொல்லுவார்.

டிசம்பர் முப்பதாம் தேதி மத்தியானம் அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, மீந்த லீவுகளை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். பதினொன்று போயின. பன்னிரண்டாவது லீவு பேனா முனையைப் பிடித்துக்கொண்டது.

"ஐயா, என்னை மட்டுமாவது எடுத்துக்குங்க. நாளைக்கு ஒரு நாள் இருக்குதுங்களே."

"உன்னையெல்லாம் ஆபத்து அவசரத்துக்குன்னு வெச்சிருந்தேன்" என்றார் சென்னியப்பன்.

"நாளையோட நானே இல்லீங்க. அப்புறம் எந்த ஆபத்துக்குங்க?"

"நான் வரலைன்னா இங்க ஆரு பார்க்கறது? எல்லாரும் தவிச்சுப் போயிருவாங்க."

லீவு லேசுப்பட்டதல்ல. "தவிக்கட்டுமுங்க. அப்பத்தானுங்களே உங்க அருமை தெரியும்" என்றது.

அது வேலை செய்தது. சென்னியப்பன் பேனாவை மாற்றிக்கொண்டு லீவு லெட்டர் எழுதினார்.

மறுநாள் காலையிலேயே லீவு அவர் சட்டைப் பையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவரோ போனை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ஏனுங்க, கொடிவேரி அணைக்குப் போலாமுங்களா? கண்ணாலமான வருசத்துல இருந்து கேக்கறேன்" என்றாள் மனைவி தெய்வானை.

"இரு புள்ள. ஆபீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க."

பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. போன் மூச்சே விடவில்லை. லீவு பையிலிருந்து எட்டி எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தது. ஆயுளே ஒரு நாள், அதையும் இந்த மனுஷன் போனுக்குத் தாரை வார்க்கிறாரே என்று புலம்பியது.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. சென்னியப்பன் பாய்ந்து எடுத்தார். "சொல்லும்மா மோகனா. எந்த ஃபைல் கிடைக்கலை?"

"ஃபைலெல்லாம் கிடைச்சுருச்சுங்க சார். நேத்து மத்தியானம் நீங்க சாப்பிட்ட சோத்துப் போசியை மேசை மேலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. நாத்தம் தாங்கலை. கழுவி வெச்சரட்டுங்களா?"

"வெச்சரு" என்றார். போனை அணைத்து அலமாரியில் வைத்தார். பிறகு, "தெய்வானை, சேலையை மாத்து" என்றார்.

கொடிவேரியில் தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. இருவரும் காலை நனைத்தபடி உட்கார்ந்து வறுத்த மீன் தின்றார்கள். பதினொன்றைச் சிவப்பு மையால் அடித்த கதையைச் சென்னியப்பன் பெருமையாகச் சொன்னார். பொழுது சாய்ந்தது. லீவு மீன் வாசனையை ஆசை தீர முகர்ந்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடப் பார்த்தது.

தெய்வானை முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஒரே ஒரு நாள் கெடைச்சாப் போதும்னு இருந்தேனுங்க. கெடைச்ச பொறவுதான் அந்தப் பதினொண்ணும் போச்சேன்னு இருக்குது."

சட்டைப் பைக்குள் இருந்த லீவுக்குத் தன் பதினொரு அண்ணன்மார் ஞாபகம் வந்துவிட்டது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. சட்டைப் பை மட்டும் நனைந்திருந்தது.