ஆயிரம் வாட் ஹீட்டர்

காங்கேயத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை ஒன்று. அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குரு மரகதம், இருபது வருஷமாகக் கடையை நடத்துகிறவர். சீடர் சென்னியப்பன், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், மின்சாரம் என்றால் என்னதான் என்று தெரிந்துகொள்ள வந்து சேர்ந்தார். அவர் குருவை அம்மிணி என்பார். குரு அவரை வாத்தியாரே என்பார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

ஒரு நாள் காலையில் கோழிப்பண்ணை ராசப்பன் ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் இருப்பது. இந்த முறை வைத்த எண்ணூறு முட்டையில் ஐம்பதுகூடப் பொரிக்கவில்லை. ஹீட்டர் கெட்டிருந்தால் மாற்றிவிடுவாராம். கெடவில்லை என்றால் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பாவாத்தாளை இன்றோடு வேலையை விட்டு நிறுத்திவிடுவாராம். பதினோரு வருஷமாக அங்கே இருக்கிற அம்மாள். எதுவானாலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், நாளைக்கு என்னை யாரும் குறை சொல்லக் கூடாது என்றார்.

மரகதம் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். வாத்தியார் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

தனியாகக் கிடைத்த முதல் வேலை. சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஹீட்டரைக் கடைப் பிளக்கில் மாட்டினார். வோல்ட் இருநூற்று முப்பது. ஒயரைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரால் ஆம்பியர் பார்த்தார், நாலு புள்ளி மூன்று. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தார். தடை ஐம்பத்து மூன்றரை ஓம். இரண்டையும் பெருக்கினார். தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது வாட். ஹீட்டர்மேல் ஆயிரம் என்று அச்சடித்திருந்தது.

பெட்டி எப்படி இருந்தது என்று ராசப்பனைக் கேட்டார். காற்று போகும் துளைகளையெல்லாம் பாவாத்தாள் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தாள் என்றார் ராசப்பன். அவ்வளவுதான், வாத்தியாருக்கு விடை கிடைத்துவிட்டது. ‘ஹீட்டர் நன்றாக உள்ளது. காற்றுத் துளைகளை மூடியதே காரணம்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, குருவிடம் நீட்டினார்.

மரகதம் படித்தார்.

“இதை எங்க மாட்டிப் பாத்தீங்க?”

“இங்கதானுங் அம்மிணி.”

“முட்டை எங்க இருந்துச்சு?”

சென்னியப்பன் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றினார். மரகதம் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

ஹீட்டரோடு மூவரும் பண்ணைக்குப் போனபோது மணி பத்தரை. மும்முனை மின்சாரம் வந்திருந்ததால் சுற்றிலும் தோட்டத்து மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ராசப்பன் வீட்டிலிருந்து கொட்டகைக்கு மெலிசான ஒரு ஒயர், வேப்பமரம் வேப்பமரமாகத் தாண்டி நெடுந்தூரம் போயிற்று. கொட்டகை வாசலில் பாவாத்தாள் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். அழுதிருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. துளையை ஏன் மூடினீர்கள் என்று மரகதம் கேட்டார்.

“சூடே ஏறலைங்க. இருக்கற சூடாச்சும் வெளிய போகாம இருக்கட்டும்னு மூடுனனுங்க.”

முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னாராம். ஆயிரம் வாட் ஹீட்டர் போட்டிருக்கிறேன், இதற்குமேல் என்ன வேண்டும் என்றாராம் முதலாளி.

சென்னியப்பன் ஹீட்டரைப் பெட்டியில் பொருத்தினார். அது சூடேறும்வரை காத்திருந்து அளந்தார். வோல்ட் நூற்று அறுபது; மீதியைத் தோட்டத்து மோட்டார்களும் அந்த மெலிசான ஒயரும் வழியிலேயே தின்றிருந்தன. ஆம்பியர் மூன்று. வகுத்தார், கிட்டத்தட்ட அதே ஐம்பத்து மூன்று ஓம். ஹீட்டர் மாறவில்லை. பெருக்கினார், நானூற்று எண்பது வாட். நம்பாமல் இன்னொரு முறை பெருக்கினார்.

சீட்டு எழுதின அவசரத்தை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கணக்கு வாத்தியார் அல்லவா, வெட்கத்தையும் மீறி ஒரு சந்தேகம் முளைத்தது.

“வோல்ட்டு பத்துல மூணு பங்குதானுங்களே கொறஞ்சிருக்குது. வாட்டு எப்படிங் பாதிக்கும் மேல போச்சு?”

மரகதம் அங்கே கிடந்த பழைய பேப்பரில் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அகலத்தை வோல்ட் என்றும் நீளத்தை ஆம்பியர் என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார். அகலத்தில் பத்துக்கு மூன்று பங்கு மடிக்கச் சொன்னார். சென்னியப்பன் மடித்தார்.

“வரத்து கொறஞ்சா, அது இழுக்கறதும் கொறையும். நீளத்துலயும் அதே மாதிரி மடிங்க.”

மடித்தார். கையில் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிகூட இல்லை. எத்தனையோ வருஷம் பரப்பளவு நடத்தியிருக்கிறார், இப்படி ஒன்று அதற்குள் இருப்பது தெரியவே இல்லை. சிறுபிள்ளை மாதிரி சிரித்துவிட்டார். பிறகு பாவாத்தாள் அங்கே நிற்பது ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

குருவிடமிருந்து பழைய சீட்டை வாங்கிக் கிழித்தார். புதுத் தாளில் பண்ணையின் பெயரையும் தேதியையும் போட்டார். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

ராசப்பன் பக்கத்தில் வந்து நின்றார். “கடைசியில தப்பு யாரு மேலன்னு எழுதப் போறீங்க? ஹீட்டர் மேலயா, இந்தம்மா மேலயா?”

சென்னியப்பன் குருவைப் பார்த்தார்.

மரகதம் ராசப்பன் பக்கம் திரும்பவே இல்லை. “ஹீட்டருக்கும் சரி, அந்தம்மாவுக்கும் சரி, என்ன குடுத்தாங்கன்னு முதல்ல எழுதுங்க வாத்தியாரே,” என்றார். “அதை வச்சு என்ன செஞ்சாங்கங்கறதை அதுக்குக் கீழ எழுதுங்க.”