பேராசிரியர் முழங்கிய ஏற்புரை

சிரிப்பு உண்டு, சத்தியமா உண்டு. ஆனா முதல்ல வயிறு எரியணும், பொறுங்க.

செண்பகவடிவு ஓர் ஆராய்ச்சி மாணவி. நாலு கோடை, நாற்பது ஏரிக்கரை, எல்லாம் நடந்தே அளந்தாள். ஏரி யாருக்குச் சொந்தம் என்று ஓர் அரசியல் புவியியல் நூலே எழுதிவிட்டாள். அச்சாகி வந்தால், அட்டையில் பேராசிரியர் அறவேந்தன் பெயர் மட்டும்! நன்றிப் பக்கத்தில் அவர் வீட்டு நாய்க்குக்கூட இடம் இருந்தது, இவளுக்கு இல்லை.

"என் பேரு எங்க சார்?"

அவர் யானை தும்மினாற்போல் கனைத்தார். "க்ஹூம்! அறிவு பொதுச்சொத்தும்மா! போய் வெளியீட்டு விழாவுக்கு என் ஏற்புரையை எழுது. இந்த நூலுக்குப் பின்னால எவ்வளவு உழைப்புன்னு அரங்கத்துக்கே தெரியணும்!"

"ஒரு பொய்கூட இல்லாம எழுதித் தர்றேன் சார்."

எதையும் முன்கூட்டிப் படிக்கும் வழக்கம் ஐயாவுக்குக் கிடையாது. மேடையேறி, கைதட்டலுக்கு நிறுத்தி நிறுத்தி முழங்கினார்.

"நாற்பது ஏரிகளையும் நடந்து அளந்த கால்கள், என் மாணவி செண்பகவடிவின் கால்கள்!"

கைதட்டல். 'என்ன அடக்கம்!' என்று முன்வரிசை உருகியது. அவருக்கு உற்சாகம் ஏறியது.

"ஒவ்வொரு வரியையும் எழுதிய கை அவள் கை! அப்படியானால் இந்த நூலில் என் பங்கு என்ன?"

தாளைப் புரட்டினார். குரலை இன்னும் உயர்த்தினார்.

"பின்னட்டைப் புகைப்படம்!"

கூரை அதிர்ந்தது. ஐயா பூரித்துப்போய், கைகூப்பிக் குனிந்தார். குனிந்த கண்ணுக்கு நேரே அந்தத் தாள். இப்போதுதான் படித்தார்.