சினிமாவுக்குப் போன பாட்டு

"சாமி, எங்க ஆத்தா குரலைத் தொலைச்சிட்டேன்" என்றார் சிவனாண்டி.

மடத்துச் சாமி, தலை நரைத்த இந்தச் சீடரைவிட வயதில் இளையவர். மடத்தில் சமையலும் அவர்தான். உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தவில்லை.

"எங்க தொலைச்சீரு?"

"சினிமாவுல. ஆத்தா பாடுற பாட்டு, மெட்டு மாறாம படத்துல வந்திருச்சு. பட்டிதொட்டியெல்லாம் அதுதான். இப்ப ஆத்தாவை நினைச்சாலும் அந்தப் பாடகி குரல்தான் காதுல கேக்குது."

ஆத்தா போய்ச்சேர்ந்து வெகுகாலம். ஒரு போட்டோகூடக் கிடையாது. பாட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அதான் பாட்டோட மூலத்தைத் தேடிப் போனேன். கழுகுமலையில கேட்டா கயத்தாறு பாட்டுங்காங்க. கயத்தாறுல கேட்டா சங்கரன்கோயில் பக்கமாம்."

"நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாதும்பாங்க. நீரு பாட்டுமூலம் பார்க்கக் கிளம்பிட்டீராக்கும்!"

சாமி சிரித்தார். சிவனாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூலப் பாட்டு கிடைச்சா ஆத்தா குரல் கிடைக்கும் சாமி."

"ஆத்தா எப்ப பாடும்?"

"இப்படிக் கம்பு குத்துறப்பதான்."

"நீரும் கூடக் குத்துவீரா?"

"ஆம்பளப் பிள்ளைய உலக்கை தொட விடுமா? பக்கத்துல உக்காந்து கேப்பேன்."

சாமி உலக்கையை நீட்டினார்.

"குத்தும்."

"நானா?"

"சோறு வேணும்ல?"

சிவனாண்டி குத்தினார். பாதிக் கம்பு உரலுக்கு வெளியே தெறித்தது.

"பாடிக்கிட்டே குத்தும்."

வெட்கத்தோடு தொடங்கினார். வந்தது சினிமாப் பாட்டுத்தான். பாடகியைப் போலவே முதல் அடியை ஒரே மூச்சில் இழுக்கப் பார்த்தார். பாதியிலேயே உலக்கையைத் தூக்க வேண்டியிருந்தது. மூச்சு முட்டியது.

மறுபடி இழுத்தார். மறுபடி முட்டியது.

வீம்பை விட்டார். உலக்கை விழுந்த இடத்தில் பாட்டையும் விட்டார். 'ஹ்ம்' என்று ஒரு மூச்சு. அதன் பிறகு மீதி அடி.

அந்த மூச்சு அவர் காதிலேயே விழுந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"சாமி... இந்த இடத்துலதான் ஆத்தா மூச்சு வாங்கும். இதே மூச்சுதான். ஆத்தா குரல் கேட்டுச்சு சாமி!"

"அப்புறம் ஏன்யா நிறுத்துனீரு?" என்றார் சாமி.