தியாகியின் பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

ஏழுமடை சந்தைச் சுமை தூக்குவோர் சங்கத்துக்கு நேர்ந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் முதலாளிக்குத்தான் லாபம்.

முதலாவது, மண்டிக்காரர்கள் மூட்டையின் எடையைக் கூட்டினார்கள், கூலியைக் கூட்டவில்லை. இரண்டாவது, கேட்கப் போனவர்களிடம், மழை ஈரத்தில் மூட்டை தானாகப் பெருத்துவிட்டது என்றார்கள். அது சித்திரை மாதம். மூன்றாவது, வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் போலீஸ் தடி இறங்கியது. நான்காவது, அடிவாங்கிச் சிதறியவர்களில் பாதிப் பேரைப் பொறுக்கியெடுத்து, மண்டிக்காரர் செலவில் ஓர் எதிர்ச்சங்கம் பிறந்தது. ஐந்தாவது, முத்தரசப்பன் அதற்குத் தலைவன் ஆனான். ஆறாவது அநீதியை இழைத்தது யார் என்று சங்கத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை: தலைவர் கொம்பையா அழத் தொடங்கினார்.

மே தினத்தன்று சந்தை வளைவில் கொடியேற்றி, தடியடியில் உயிர்நீத்த தியாகியின் பெயரை வாசிக்க வேண்டும். "நமது வீரத் தோழர்…" என்பதுவரை கொம்பையாவின் குரல் ரயிலடிவரை கேட்கும். அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொள்ளும். மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார். கூட்டமும் சேர்ந்து அழும். பிறகு சுண்டல் வாங்கிக்கொண்டு கலையும். ஆண்டுகள் பல ஓடியும் தியாகி யார் என்று தலைவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கேட்பது சங்கக் கட்டுப்பாட்டுக்கு விரோதம்.

இந்த ஆண்டு முத்தரசப்பன் கேட்டுவிட்டான். "சாட்சிகள் முன்னால பேரை வாசிக்கணும். வாசிக்கலைன்னா தியாகியே கிடையாது. வளைவுக் கொடிமரம் எங்களுக்கு." சப்-இன்ஸ்பெக்டர், நியாயம்தானே என்றார். நியாயம் எது என்று போலீசுக்குத் தெரியாதா!

அன்றிலிருந்து கொம்பையாவுக்குத் தூக்கம் போயிற்று. தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்பில் கோளாறு இல்லை. மனநல ஆலோசகரைப் பாருங்கள், பேசினாலே பாதி சரியாகும்" என்றார்.

செயற்குழு அவசரமாகக் கூடியது.

"பேசுறதுன்னா பேச்சுவார்த்தை" என்றார் செயலாளர் உச்சிமாகாளி.

"யாருக்கும் யாருக்கும்?" என்றார் பொருளாளர் தளவாய்.

"தலைவருக்கும் அவரு மனசுக்கும். நடுவுல அந்த ஆலோசகர் அம்மா, லேபர் ஆபீசர் மாதிரி."

"அப்போ அண்ணாச்சியத் தனியா அனுப்பப்பிடாது" என்றான் குருவையா. சங்கத்திலேயே பெரிய மூட்டை தூக்குகிறவன். தலைவர் மேல் உயிரையே வைத்திருப்பவன். "தனியா உள்ள போனவன் எவன்வே விலைபோகாம வெளிய வந்தான்?"

ஆகவே நால்வரும் கொடியோடு போனார்கள்.

ஆஸ்பத்திரி ஆலோசகர் ஜெபரத்தினம், ஒருவர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றார். நீண்ட வாதத்துக்குப் பிறகு, மற்ற மூவரும் கதவுக்கு வெளியே தரையில் உட்காருவது என்று முடிவாயிற்று. கோஷம் போடுவதில்லை, தேவைப்பட்டால் இருமிக்கொள்ளலாம்.

"எங்கிருந்து வேணும்னாலும் தொடங்குங்க. அவசரமே இல்லை" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா புன்னகையோடு மௌனமானார்.

இந்தப் புன்னகையைக் கொம்பையா நிறையப் பார்த்திருக்கிறார். பேச்சுவார்த்தையில் முதலில் வாய் திறப்பவன் தோற்றான். அவர் கையைக் கட்டிக்கொண்டார். வந்தவர் தாமாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஜெபரத்தினத்தின் படிப்பு. இருவருக்கும் மேலே மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நேரம் முடிந்ததும், "அடுத்த வாரம் வாங்க" என்றார்.

"என்ன ஆச்சு?" என்று வெளியே மூவரும் மொய்த்தார்கள்.

"அந்த அம்மாவும் எறங்கி வரலை. நானும் எறங்கி வரலை."

குருவையா தன் துண்டையே மாலையாகப் போட்டு, முதல் சுற்று வெற்றி என்று கூவினான்.

அடுத்த வாரம் ஜெபரத்தினமே முதலில் பேசினார். "நீங்க இங்க பேசுறது இந்த அறையை விட்டு வெளியே போகாது. இது என் உறுதி."

எதிர்த்தரப்பு இறங்கி வந்தபின் முறுக்கிக்கொள்வது பெருந்தன்மையல்ல. கொம்பையா எழுந்து போய் ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தடியடி அன்னிக்கு அவன் வாய்க்கால்ல விழுந்ததக் கண்ணால பாத்தேம்மா. மேல வரலை. உடனே நோட்டீஸ் அடிச்சேன். 'வீரமரணம்! தியாகியின் பெயர் பின்னர் அறிவிக்கப்படும்'னு. ஊர் பூரா குடுத்தாச்சு. மறுநா காலையில…" அவர் உடைந்து அழுதார். "மறுநா காலையில அவன் எதுக்க வந்து நிக்காம்மா. தலையில தண்ணி சொட்டச் சொட்ட. டீ சொல்லவா அண்ணாச்சிங்கான்."

துக்கத்தில் இருப்பவர்களுக்கு இறந்தவர்கள் கண்ணில் தெரிவதுண்டு என்று ஜெபரத்தினம் படித்திருந்தார். மெல்லத் தலையசைத்தார்.

"இப்பவும் வராரா?"

"தெனமும்."

"பேசுவாரா?"

"நிறுத்தவே மாட்டான்."

"அவர் இறந்துட்டார்ங்கிறதை ஏத்துக்கிட்டீங்களாய்யா?"

"நான் ஏத்துக்கிட்டேன். அச்சுல வந்துட்டுல்லா? அச்சுல வந்தத மாத்த நாம யாரு? அவங்கிட்டதான் இன்னும் சொல்லலை. எப்படிம்மா சொல்ல? பாக்கும்போதெல்லாம் சிரிக்கான். அந்தச் சிரிப்பக் கெடுக்க மனசு வரலை."

ஜெபரத்தினத்துக்கே கண் கலங்கியது. "இவ்வளவு நாள் தனியாச் சுமந்திருக்கீங்க. உங்களுக்கு நம்பிக்கையான மனுஷங்களை வச்சுக்கிட்டு, அவர் பேரை வாய்விட்டுச் சொல்லி அவரை அனுப்பிவைங்க. முதல்ல எங்கிட்ட சொல்லிப் பாருங்க."

கொம்பையா சொன்னார். தொண்டை அடைக்கவில்லை. என்ன பெயர் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. அறையை விட்டு வெளியே போகாது என்று அந்த அம்மா உறுதி கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்த தலைவரின் முகத்தில் தெளிவைக் கண்டு மூவரும் பாய்ந்தார்கள்.

"பேரச் சொல்லும் அண்ணாச்சி! அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரியாம எனக்கு நெஞ்சு வேகுது" என்றான் குருவையா.

"சொல்லிட்டேன். உள்ள இருக்கு."

"கையோட எடுத்துட்டு வரப்பிடாதா?" என்றார் தளவாய்.

"வெளிய போகாதுன்னு ஒப்பந்தம் ஆயிருச்சு."

நால்வரும் வராந்தாவில் குந்தினார்கள். மே தினம் நெருங்குகிறது; பெயரோ அறைக்குள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தை மீறலாமா என்றார் தளவாய். அது மண்டிக்காரன் புத்தி என்று அவரை அடக்கினார்கள். கடைசியில் உச்சிமாகாளி தொண்டையைச் செருமினார்.

"பேரு வெளிய வரப்பிடாது, சரி. கூட்டம் உள்ள போகப்பிடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கா?"

"இல்லை."

அந்த மூளையைக் குருவையா அப்படியே உடம்போடு தூக்கிச் சுற்றினான்.

நம்பிக்கையான மனுஷர்கள் சிலர் வருவார்கள் என்று எண்ணி, மே தின விடுமுறையிலும் ஜெபரத்தினம் வந்து கதவைத் திறந்தார். சங்கம் முழுவதும் வந்தது. மேசைமேல் சிலர், அலமாரிமேல் சிலர். கொடிக்கம்பம் ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குள் நீண்டது. சாட்சியாக வந்த சப்-இன்ஸ்பெக்டரின் தொப்பி எங்கோ நசுங்கியது. முத்தரசப்பன் கதவுக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டு, "வாசிக்கச் சொல்லுங்கய்யா, மூச்சு முட்டுது" என்று கத்தினான். ஜெபரத்தினம் தன் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

தலைவர் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? குருவையா அவரை மூட்டை மாதிரித் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"நமது வீரத் தோழர்…" என்றார் கொம்பையா. தொண்டை அடைத்தது. அழுதுவிட்டால் கொடிமரம் போயிற்று.

"சொல்லுங்கய்யா! அவர் இங்கேயே இருக்கிறதா நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றார் ஜெபரத்தினம்.

கொம்பையா குனிந்து பார்த்தார். கீழேயிருந்து குருவையா சிரித்தான். "தைரியமாச் சொல்லும் அண்ணாச்சி. நான் தாங்கிக்கிடுதேன்."

"…குருவையா!"

கணீரென்று, முழுசாக, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வந்து விழுந்தது பெயர்.

குருவையா வலப்பக்கம் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான். ஏழுமடையில் வேறு குருவையா கிடையாது. தலைவரை மெதுவாகத் தரையில் இறக்கினான். தோள் துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன் அண்ணாச்சி, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, செத்த மனுசன் நான் இத்தன வருசம் மூட்டை தூக்கியிருப்பேனா?"