வாசலில் உட்கார்ந்த எட்டுப் பேர்

இந்தக் கதை எனக்குக் கைமாறி வந்தது. பள்ளிபாளையத்தில் தறி வேலைக்குப் போகும் என் பெரியம்மா மகள் சொன்னாள். நடந்தது அவள் தெருவில் அல்ல, பக்கத்துத் தெருவில். பெயர்கள் நான் வைத்தவை.

கோகிலாமணியின் கணவர் சென்னியப்பன் இருபது வருடம் ஒரே பட்டறையில் விசைத்தறி ஓட்டியவர். முதலாளி தறிகளை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்ட அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. வாசலில் வண்டிச் சத்தம் நின்றால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே மறந்து உட்கார்ந்திருப்பார். நாற்பது நாள் பொறுத்துப் பார்த்த கோகிலா, அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போனாள். இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று விசேஷத்துக்கு உடுத்தும் சேலையில் போனாள்.

டாக்டரம்மா கேட்டார்: “வீட்டுல பணக் கஷ்டம் ஏதாவது இருக்காம்மா?”

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சோத்துக்குக் கொறையில்லீங்க,” என்றாள் கோகிலா.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கோகிலா இதை ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள்: அடுத்த சந்தில் இருக்கும் செல்லாமணி. யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் இருவரும் ஒரே கடன் குழு. குழுவில் பத்துப் பெண்கள். புதன்கிழமை தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். பணம் வரும்வரை எழக் கூடாது. கோகிலாவும் அப்படி உட்கார்ந்தவள்தான். போன ஆடியில் செல்லாமணியின் வாசலில் வறுத்த கடலையைத் தின்றபடி, உள்ளே கேட்கட்டும் என்றே சிரித்துப் பேசினாள். எழுந்து போனபின் அந்தத் தோலையெல்லாம் கூட்டி அள்ளியது செல்லாமணி. அதை நினைத்தால் இப்போது கோகிலாவுக்கு உடம்பு கூசியது.

ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று வாரமானபின் ஒரு புதன்கிழமை. கோகிலாவிடம் தவணைக்குப் பணமில்லை.

அவள் தம்பி தங்கராசு எப்படியோ கேள்விப்பட்டு, காலை எட்டு மணிக்கே குழுத் தலைவி அம்சாவின் கையில் முழுத் தவணையையும் கொடுத்தான். “மச்சான் மானஸ்தருங்க. என்ர காசுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு. அக்காளுக்குக்கூடத் தெரிய வேண்டாம்,” என்றான். அம்சா வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்தபிறகுதான் அவளுக்குச் சிக்கல் புரிந்தது. கோகிலாவால் இந்த முறை கட்ட முடியாதென்பது குழுவுக்கே தெரியும். உட்காராமல் விட்டால், பணம் யார் கொடுத்தது என்று மற்றவர்கள் துருவுவார்கள். ஆகவே பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பத்து மணிக்கு ஏழு பேரோடு வந்து அவளும் வாசலில் உட்கார்ந்தாள். செல்லாமணியைக் காணோம்.

“என்ன கோகிலா, வாசல்ல தண்ணி தெளிக்கலையா? சேலையெல்லாம் மண்ணாகுது.”

“ஊருக்கெல்லாம் கடலை கொண்டுட்டுப் போவியே, உன்ர ஊட்டுல ஒண்ணும் கெடையாதா?”

“சென்னியண்ணன் இருக்கறாரா, ஒளிஞ்சுக்கிட்டாரா?”

உள்ளே சென்னியப்பன் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை நடுங்கியதில் மேடைமேல் இருந்த கரண்டி சத்தம் போட்டது. கோகிலா கரண்டியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

அப்போதுதான் செல்லாமணி வந்தாள். உட்காரவில்லை.

“அந்த மனுசன் தூங்கி ரெண்டு மாசமாச்சு. மனசு செரியில்லைன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு இருக்கறா இவ. ஊட்டுல காசு இல்ல, அவ்வளவுதான். இன்னும் எத்தனை நேரம் உக்காரலாம்னு இருக்கறீங்க?”

தெரு முழுக்கக் கேட்டது. நடுத்தெருவில் துணி உருவப்பட்டவள்போல் கோகிலா கதவைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். கடைசியாக எழுந்த அம்சா, “தவணை கட்டியாச்சு கண்ணு. யாருன்னு கேக்காத,” என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

சென்னியப்பன் வாசலுக்கு வந்தார். “எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சா அம்மணி?”

“தெரிஞ்சு போச்சுங்கண்ணா,” என்றாள் செல்லாமணி.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தார். நடுப்பகலில் படுத்தவர் மறுநாள் காலைதான் விழித்தார். இடையில் இரண்டு முறை கோகிலா அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். செல்லாமணியோடு அவள் ஒரு மாதம் பேசவில்லை.

கேட்கிறவர்களே, தங்கராசு உதவியை மறைத்தான். அம்சா வாக்கைக் காத்தாள். கோகிலா வீட்டு மானத்தைக் காத்தாள். செல்லாமணி சத்தியத்தை மீறினாள். இவர்களில் யார் செய்தது சரி?

எனக்குத் தெரிந்த பதில் இது. பணம் எட்டு மணிக்கே வந்துவிட்டது. ஆனால் பத்து மணிக்கும் அவர் கை நடுங்கியது. தனக்குத் தெரியாமல் தீர்ந்த பயம் தீர்ந்ததாகாது. ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றானபின்தான் அவர் படுத்துத் தூங்கினார். ஆகவே செல்லாமணி செய்ததே சரி என்பேன். ஆனால் அதை அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். அதே சொல் வேறொரு மனிதரைக் கயிற்றைத் தேட வைத்திருக்கலாம். மாத்திரைக்கும் பங்கு உண்டு. அது பலன் காட்டச் சில வாரம் ஆகும் என்கிறார்கள். ஒரு நாள் தூங்கியதால் குணமாகிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒன்றை மட்டும் பெரியம்மா மகளிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அன்று அம்சாவோடு வந்து உட்கார்ந்த ஏழு பேரில் மூன்று பேர் வீட்டிலும் இதே மாத்திரைச் சீட்டு இருந்தது. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஒருத்தி ஈரோட்டுக்கும், ஒருத்தி சேலத்துக்கும், ஒருத்தி கரூருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.