அமாவாசையன்று வந்த முழுநிலா

சென்னியப்பன் குருவைத் தேடிப் போனபோது அவருக்கு முடி பாதி கொட்டியிருந்தது. குருவுக்கு ஒரு நரைகூட விழுந்திருக்கவில்லை. வானத்துக்கு முன்னால் நாம் இருவரும் ஒரே வகுப்புதான் என்று குரு முதல் நாளே சொல்லிவிட்டதால் அதில் யாருக்கும் சங்கடமில்லை.

குருவின் பெயர் ஷமீமா. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். சிறு வயதில் பெருநாள் பிறை பார்க்க மாடி ஏறினவள் இன்னும் இறங்கவில்லை என்று அவர் வீட்டில் கேலி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த மாடி எல்லாருக்கும் திறந்திருக்கும்.

சென்னியப்பன் நூற்பாலையில் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒயர் இழுப்பதில் சூரர். அவர் மனைவி பழனாத்தாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, ஹாலில் கட்டிலோடு கிடந்தார். பேச்சும் குறைந்துபோயிருந்தது. ஒருநாள் அவராகவே வாய் திறந்து, "வெளிய வானம் எப்படி இருக்குதுன்னே தெரிய மாட்டேங்குது" என்றார். மாதக்கணக்கில் அவர் கேட்ட ஒரே பொருள் அதுதான். மறுவாரமே சென்னியப்பன் ஐந்தங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் நிறுத்திவிட்டார்.

"மேடம், இதுக்கு எந்தக் கேமரா வாங்கட்டுங்க?"

"எதுக்குக் கேமரா?"

"டெலஸ்கோப்புல தெரியறது அந்த நிமிஷமே கீழ டிவியில வரணுங்க. நேரலையா."

"யார் பார்க்க?"

"எங்க வீட்டுலங்க."

கேமராக்களைப் பற்றி யூடியூபில் இருந்ததையெல்லாம் அவர் கரைத்துக் குடித்திருந்தார். பிக்ஸல் அளவு, சென்ஸார் அகலம், சூட்டைத் தணிக்கும் விசிறி என்று எதைக் கேட்டாலும் சொல்லத் தயாராக வந்திருந்தார். குரு அதில் எதையும் கேட்கவில்லை.

"அவங்க எங்கிருந்து பார்ப்பாங்க?"

"ஹால்லதாங்க. கட்டில்ல படுத்தபடிக்கு."

"அந்தக் கட்டில்ல படுத்து நீங்க டிவி பார்த்திருக்கீங்களா?"

"நான் எதுக்குங்க அதுல படுக்கறேன்?"

"படுத்துப் பார்த்துட்டு வாங்க. கேமராவை அப்புறம் பேசலாம்."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. கேமரா கேட்டால் படுக்கச் சொல்கிறாரே என்று முனகிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் பிசியோதெரபி பெண் வந்து பழனாத்தாளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது, கட்டில் காலியானது. அவர் ஏறிப் படுத்தார்.

கட்டிலின் கால்மாட்டுப் பலகை டிவியின் கீழ்ப்பாதியை மறைத்தது. மேல்பாதியில் டியூப்லைட் வெளிச்சம் கோடாக விழுந்து கிடந்தது. இத்தனை மாதமாகப் பழனாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கே டிவியைச் சுவரில் உயர்த்தி மாட்டினார். டியூப்லைட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றினார்.

"இப்பத்தான் அடியில ஓடற எழுத்தெல்லாம் தெரியுது" என்றார் பழனாத்தாள்.

அடுத்த ஞாயிறு குரு கேட்டார்: "சொல்லுங்க, கலரா, கறுப்பு வெள்ளையா?"

"கறுப்பு வெள்ளைதாங்க துல்லியம். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"அதுல கலர் வேணும்னா?"

"மூணு ஃபில்டரை மாத்தி மாத்திப் போட்டு எடுத்துச் சேர்க்கோணுங்க. அரை மணி நேரம் ஆகும்."

"அந்த அரை மணி நேரமும் அக்கா என்ன பண்ணுவாங்க?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "சரிங்க. கலரே வாங்கிக்கறேன். சென்ஸாராச்சும் பெருசா எடுத்துரலாமுங்களா?"

ஷமீமா அப்போது டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்துவிட்டு வடிகட்டிக்குக் கீழே ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்தார்.

"டீ கூடுமா?"

"கூடாதுங்க."

"உங்க டெலஸ்கோப் கொடுக்கிற வெளிச்சத்துக்கு டம்ளர் போதும்."

சிறிய கலர் கேமரா ஒன்று வந்தது. தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் அதைச் சொருகி, மாடிப்படி வழியாக ஹால் வரைக்கும் ஒயர் இழுத்தார். தை மாதத்து மாலை. முதலில் நிலா.

கீழேயிருந்து பழனாத்தாள் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நிலா ஏன் நடுங்குது?"

"நிலா நடுங்கல புள்ள. நமக்கு மேல இருக்கற காத்துதான் நடுங்குது."

"அப்ப உங்களுக்குக் குளிருமே. மஃப்ளரைக் கட்டுங்க."

விழுந்த நாளிலிருந்து அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. சென்னியப்பன் மாடியில் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஃப்ளரையும் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பழனாத்தாள் சாயங்காலத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். தனக்குத்தானே ஒரு நிபந்தனையும் போட்டுக்கொண்டார். பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தபடி காலை மடக்கி நீட்டி முடித்த பிறகுதான் டிவி. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். முடித்ததும், "ம், போடுங்க உங்க படத்தை" என்பார். ஓரியன் நெபுலா என்கிற விண்முகில் திரையில் முதலில் வெறும் புகையாகத்தான் வரும். கேமரா சில வினாடிகளுக்கு ஒருமுறை படம் எடுத்து எடுத்து மேலே சேர்க்கச் சேர்க்க, நிறம் ஊறிக்கொண்டே வரும். "கோலமாவு சிந்துனாப்புல இருந்துச்சு. இப்பப் பூவாட்டம் ஆவுது பாருங்க" என்று அவருக்கே அவர் சொல்லிக் காட்டுவார்.

அவரை மேலும் அசத்த வேண்டும் என்று சென்னியப்பனுக்கு ஆசை பிறந்தது. நல்ல நாளில் வந்ததையெல்லாம் பதிவு செய்து வைத்துக்கொண்டார். மாசியில் பிடித்த ஒரு முழுநிலாவை அவர் உயிராக மதித்தார். அதன் குழிகளை எண்ணலாம்.

ஆனி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து உடுமலையின் மேல் குடியேறிவிட்டது. முதல் நாள் பழனாத்தாள் பயிற்சியை முடித்துவிட்டுக் காத்திருந்தார். திரை சாம்பல் நிறமாக இருந்தது. "ஒண்ணும் இல்ல புள்ள" என்று சொல்லி சென்னியப்பன் அணைத்துவிட்டார். இரண்டாம் நாளும் அப்படித்தான். அவர் முகம் வாடியதைப் பார்க்க இவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாடிக்குப் போய் மடிக்கணினியில் பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டார். ஓரியன் நெபுலா. ஆனியில் அது சூரியனோடு போய் மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பழனாத்தாளுக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

"வானம் தெளிஞ்சிருச்சாட்ட இருக்குது!" என்றார் பழனாத்தாள்.

"ஆமா புள்ள."

அதுவே வாடிக்கையானது. தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு, மூடி போட்ட தொலைநோக்கிக்குப் பக்கத்தில் சென்னியப்பன் அரை மணி நேரம் நிற்பார். சீக்கிரம் இறங்கினால் சந்தேகம் வருமே. மனைவியைச் சந்தோஷப்படுத்தத் தனியாக மழையில் நிற்கிற புருஷன் ஊரில் வேறு யார் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு மாலை, எடுத்து வைத்திருந்ததிலேயே சிறந்ததைப் போட்டார். முழுநிலா. பாராட்டை வாங்கிக்கொள்ள வேகமாகக் கீழே இறங்கினார். பழனாத்தாள் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அவர் முகத்தில் எதையோ தேடுவதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"போதும். அணைச்சிருங்க."

மறுநாள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண் கூசுகிறது என்றார். கால் பயிற்சிக்கு வந்த பெண்ணையும் வலிக்கிறது என்று திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் அப்படியே போனது. பிசியோதெரபி பெண் வாசலில் சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே விட்டா காலு இறுகிப்போயிரும் சார்" என்றாள்.

சென்னியப்பன் குருவிடம் ஓடினார்.

"படம் தெளிவு பத்தலீங்க மேடம். டெலஸ்கோப்பையும் சேர்த்து மாத்திர்றேன். பெரிய கேமராவா ஒண்ணு சொல்லுங்க."

"அக்கா அப்படிச் சொன்னாங்களா?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்க. டிவி பக்கமே திரும்ப மாட்டேங்கறாங்க."

"நான் வந்து பார்க்கறேன்" என்றார் ஷமீமா.

அன்றைக்கே வந்தார். வானம் மூடிக்கிடந்தது. சென்னியப்பன் மாடிப்படியைக் காட்டினார். குரு படியேறவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அக்கா, படம் தெளிவா வர்றதில்லையா?"

பழனாத்தாள் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "தெளிவாத்தான் வந்துச்சு கண்ணு. ரொம்பத் தெளிவு."

"அப்புறம் என்ன?"

"அமாவாசையன்னிக்கு முழுநிலா காட்டுனாரு."

சென்னியப்பன் பின்வாங்கிச் சுவரோரமாக நின்றார்.

"காலைல காக்காய்க்குச் சோறு வெச்சவரும் இவருதான். வாழைக்காய் பொரிச்சவரும் இவருதான். சாயந்திரமானா ஒசக்க மாடிக்குப் போயி நிலாவைக் கொண்டாந்துட்டாரு."

ஷமீமா உதட்டைக் கடித்துக்கொண்டார். பழனாத்தாளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"சிரிச்சிட்டுப் போயிரலாம் கண்ணு. அந்தப் பெட்டியில வர்றதெல்லாம் என்னைக்கோ நடந்து முடிஞ்சது. இது ஒண்ணுதான் இப்ப நடக்குதுன்னு நெனச்சுப் பாத்துட்டு இருந்தேன். ஆனா அது போனாப் போவுது. அன்னிக்கு ராத்திரி எனக்கு வேற யோசனை வந்துருச்சு."

"என்ன யோசனை?"

"தீபாவளிக்கு நான் எந்திரிச்சு நடந்துருவேன்னு டாக்டரு சொன்னாராம். நான் கேக்கல. நான் வெளிய ஸ்ட்ரெச்சர்ல கெடந்தேன். இவருதான் உள்ள போயிட்டு வந்து சொன்னாரு." பழனாத்தாள் விரலால் சுவரைக் கீறினார். "அந்தச் சொல்லும் எந்த நாளு நிலாவோ, யாரு கண்டா? அப்புறம் எதுக்கு நான் வலியில காலை மடக்கி நீட்டிக்கிட்டு?"

சென்னியப்பன் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஷமீமா பழனாத்தாளின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, எழுந்து பின்னால் வந்தார்.

வாசலை ஒட்டிய மாடிப்படியின் முதல் படியில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க ஐயா?"

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "நடக்கலாம்னாருங்க. நடக்காமயும் போகலாம். பயிற்சி செஞ்சுட்டே வந்தாத்தான் தெரியும், இப்பவே சொல்ல முடியாதுன்னாரு."

"நீங்க அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"தீபாவளிக்கு நீ நடந்துருவேன்னு சொன்னேன்." அவர் துண்டை எடுத்தார். "ஸ்ட்ரெச்சர்ல இருந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டுக் கெடந்தாளுங்க. அந்தக் கண்ணைப் பாத்து வேற எதுவும் சொல்ல வாய் வரலீங்க."

ஷமீமா அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"அப்பப் பெரிய கேமரா வேண்டாமுங்களா?"

"இருக்கிற கேமராவே போதும்."

சென்னியப்பன் எழுந்து வாசலுக்கு வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். மலைப்பக்கத்திலிருந்து வந்த மேகம் ஊர் முழுக்கக் கவிந்திருந்தது. இடைவெளி எங்கேயும் இல்லை.

"பாருங்க மேடம். ஒரு நட்சத்திரம் இல்ல. இப்படி இருந்தா இன்னைக்கு அவளுக்கு நான் என்னத்தைங்க காட்டறது?"

ஷமீமா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மேகத்தைக் காட்டுங்க."