நாலாவது மூலை

தூத்துக்குடியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற சாலையில் அமலோற்பவத்தின் சவப்பெட்டிப் பட்டறை இருந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த ஞானசிகாமணிக்கு ஐம்பத்தொன்பது. துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வயதில் இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

டிசம்பர் மழை பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"மேஸ்திரியம்மா, நம்ம மைட்டர் கேஜை மாத்தணும்."

மேசை ரம்பத்தில் மரத்தைச் சாய்கோணத்தில் நிறுத்தி, பல்லை நோக்கித் தள்ளிக் கொடுப்பது அந்தக் கருவிதான். மூடியைச் சுற்றி வரும் சட்டத்தின் நாலு மூலைகளும் அதை நம்பித்தான் இருந்தன.

"எதுக்கு அண்ணாச்சி?"

"அதோட கம்பி மேசையில இருக்கிற காடிப் பள்ளத்துக்குள்ள ஆடுது. ஒரு மூலையில அரை டிகிரி போனா கண்ணுக்குத் தெரியாது. நாலாவது மூலைக்கு வரும்போது வாயைப் பிளந்திரும்."

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குப் பெட்டி செய்து கொடுத்திருந்தார்கள். ஞானசிகாமணி வெட்டிய மூடிச் சட்டத்தின் ஒரு மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது குழந்தையின் அப்பா அதைப் பார்த்துவிட்டார். கட்டைவிரலை அந்த இடைவெளியின்மேல் வைத்து மூடிக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஞானசிகாமணி கொண்டுவந்த சோற்றைப் பாதியில் மூடி வைத்தார்.

"கடையில மூணு வகை இருக்கு" என்றார். "முதலாவதுல கம்பியோட பக்கத்துல திருகு இருக்கு. காடிக்கு ஏத்தபடி இறுக்கிக்கலாம், ஆடாது. ரெண்டாவதுல அதோட நீளமான அலுமினியச் சட்டமும் ஸ்டாப்பரும் உண்டு. எதிரெதிர்த் துண்டு ரெண்டும் ஒரே நீளம் வரும். மூணாவதுல இதெல்லாம் போக, மரத்தை அமுக்கிப் பிடிக்க கிளாம்ப் இருக்கு. பூட்டிட்டா மரம் நகராது. எதை வாங்க?"

"எதை வாங்கியிருந்தா அந்த மனுசன் விரலை எடுத்திருப்பாரு?"

அவர் காகிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"மூணாவதை."

"அதையே வாங்குங்க."

மறுநாள் கருவி வந்தது. அவரே பூட்டினார். மூலைமட்டத்தை வைத்து மூன்று முறை சரிபார்த்தார். ஆறடிப் பெட்டிகளுக்கான சட்டங்களை வெட்டிச் சேர்த்தார். எந்த மூலையிலும் காகிதம்கூட நுழையவில்லை. புதன்கிழமை மாலை முழுச் சோற்றையும் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை ஒருவர் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். பையனுக்கு என்றார். காய்ச்சல் என்றார். அளவு கேட்டபோது கையைத் தன் இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினார். நாலு மணிக்கு அடக்கம்.

"மூணரை அடி" என்று அமலோற்பவம் சீட்டில் எழுதி ஞானசிகாமணியிடம் கொடுத்தாள்.

மதியத்துக்குள் பெட்டி தயாரானது. மூடிச் சட்டம் மட்டும் பாக்கி. நீளத் துண்டுகள் இரண்டையும் வெட்டிவிட்டு, தலைமாட்டுக்கான சின்னத் துண்டை எடுத்தார். ஒரு முழம்கூட இல்லை. அதைக் கருவியில் வைத்தார். ரம்பம் சுழன்றது.

தள்ளும்போது அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

மரம் வழுக்கியது. ரம்பம் அதைக் கடித்து இழுத்தது. அமலோற்பவம் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். பல் நின்றபோது அவருடைய சுண்டுவிரலுக்கும் அதற்கும் இடையில் ஓர் அங்குலம் இருந்தது.

துண்டு கோணலாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. அவள் கருவியைப் பார்த்தாள். கிளாம்பைப் பூட்டவே இல்லை.

"எங்க பார்த்தீங்க அண்ணாச்சி?"

"சுவரை."

"போன வாரம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கும்தான்."

மழைத்தண்ணீர் தகரக் கூரையிலிருந்து ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அந்தத் தகப்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒரு மக இருந்தா" என்றார் ஞானசிகாமணி. "ரெஜினா. ஏழு வயசு. முப்பத்தோரு வருசம் ஆச்சு. நான் அப்ப மங்களூர்ல ஒரு கப்பல் ரிப்பேருக்குப் போயிருந்தேன். வந்து சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. பெட்டி எப்படி இருந்துச்சுன்னு யார்கிட்டயும் கேட்கலை. நம்ம கையால நாலு பேருக்காவது ஒழுங்கா செஞ்சு கொடுப்போம்னுதான் இங்க வந்தேன். பெரிய பெட்டின்னா கை நிக்குது. இந்த அளவு மரத்தை எடுத்தா மட்டும் கண்ணு அதுமேல நிக்க மாட்டேங்குது."

அவள் கோணல் துண்டை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு துண்டை எடுத்து வந்தாள்.

"திங்கக்கிழமையே நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். "கேஜ்ல ஒண்ணும் இல்லைன்னு."

"கம்பி ஆடினது நெசம்தானே. நானும் அதுதான்னு நெனச்சேன்."

அவள் துண்டைக் கருவியில் வைத்து, அவருக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றாள். அவர் நெருங்கவில்லை.

"நீங்களே வெட்டிருங்க, மேஸ்திரியம்மா. நேரம் ஆகுது."

"வெட்டலாம். அடுத்தது வந்தா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"இத்தனை வருசமா நீங்க எப்படிம்மா பார்த்துக்கிட்டே வெட்டுதீங்க?"

அமலோற்பவம் வாசலில் இருந்தவரின் நனைந்த முதுகைப் பார்த்தாள்.

"நாம பார்க்காம விட்டதை அவங்க பார்க்க வேண்டியிருக்கே, அண்ணாச்சி."